குருத்தணுவின் வாசற்காவல்

பழுதுபட்ட மரபணுவுக்கு மாற்றாக நல்ல மரபணுவைச் சுமந்து செல்லும்படி ஆய்வகத்தில் மாற்றியமைக்கப்பட்ட வைரஸ், பெருகும் திறனையும் நோய் உண்டாக்கும் திறனையும் இழந்தது என்பது மருத்துவருக்குத் தெரியும். அதை உள்ளே ஏற்க வேண்டிய செல்லுக்கு அது தெரியாது. செல் அறிந்தவை உறையின் வடிவமும், உள்ளே அவிழும் மரபுப்பொருளின் வேதியியலும், டி.என்.ஏ. இழையின் மூடப்படாத முனைகளும் மட்டுமே. எண்ணற்ற தலைமுறைகளாக வைரஸ்களோடு போராடி வந்த உயிரினங்களின் வழித்தோன்றலான அந்தச் செல், பழைய பகைவனின் அடையாளங்களைக் கண்டதும், வந்திருப்பது மருந்தா நோயா என்று ஆராயாமல் தன் காவலை முடுக்கிவிடுகிறது. எனவே மரபணு மருத்துவத்தின் வரலாற்றை, எந்த நோய்க்கு எந்த மரபணு செலுத்தப்பட்டது என்ற கோணத்தில் எழுதினால் மட்டும் போதாது. அதைப் பெற்றுக்கொண்ட செல் அந்த நேரத்தில் என்ன செய்தது, அதனால் எதை இழந்தது என்ற கோணத்திலும் எழுத வேண்டும். இந்த இரண்டாவது வரலாறு கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில்தான் தெளிவாகத் துலங்கத் தொடங்கியிருக்கிறது.

இங்கே பேசப்படும் செல், மருத்துவமனைகளில் ஸ்டெம் செல் என்று வழங்கும் குருத்தணு. வாழைக் குருத்திலிருந்து இலைக்குப் பின் இலையாக விரிவதைப் போல, இது தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டே வெவ்வேறு பணிகளுக்குரிய செல்களையும் ஈன்றுகொண்டிருப்பதால் தமிழில் அமைந்த பெயர் மிகப் பொருத்தமானது. வளர்ந்த மனித உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 கோடி சிவப்பணுக்களை உருவாக்குகிறது. இத்தனை பெரிய உற்பத்திக்கு அடித்தளமாக எலும்பு மஜ்ஜையில் இருப்பவை 50,000 முதல் 2,00,000 வரையிலான இரத்தக் குருத்தணுக்களே என்று, ஒரு மனிதரின் இரத்தச் செல்களில் காலப்போக்கில் சேர்ந்த டி.என்.ஏ. மாற்றங்களைக் கொண்டு 2018ஆம் ஆண்டில் இங்கிலாந்து ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். இவ்வளவு சிறிய தொகையான செல்களில் ஒரு பகுதியைத் திருத்தினாலும், அவற்றின் வழித்தோன்றல்களான சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு அனைத்திலும் அந்தத் திருத்தம் வாழ்நாள் முழுவதும் தொடரும் என்ற எதிர்பார்ப்பே தலசீமியா, அரிவாளணு நோய், பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் இல்லாத குழந்தைகளின் நோய் ஆகியவற்றுக்கான மரபணுச் சிகிச்சையின் அடிப்படை. அதே கணக்கின் மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது: தொகை சிறியது என்பதால் சிகிச்சையின்போது இழக்கப்படும் ஒவ்வொரு குருத்தணுவும் பெரிய இழப்பாகிறது.

சிகிச்சையின் நடைமுறை பின்வருமாறு அமைகிறது. நோயாளிக்கு மருந்து கொடுத்து மஜ்ஜையிலுள்ள குருத்தணுக்கள் இரத்தத்துக்குள் இறங்கச் செய்யப்படுகின்றன. இரத்தத்தை இயந்திரத்தின் வழியே செலுத்தி அவற்றைப் பிரித்தெடுத்து, வளர்ச்சிக் காரணிகள் கலந்த ஊடகத்தில் ஓரிரு நாட்கள் வைத்து, அதன்பின் வெக்டர் என்று ஆய்வகங்களில் வழங்கும் வைரஸ் கடத்தியோடு கலக்கின்றனர். இதற்கிடையே நோயாளியின் மஜ்ஜை கடுமையான மருந்துகளால் வெறுமையாக்கப்படுகிறது. திருத்தப்பட்ட செல்கள் சிரை வழியே திரும்ப ஏற்றப்பட்டதும், அவை தாமாகவே மஜ்ஜையைத் தேடிச் சென்று குடியேறி, புதிய இரத்தத்தை உருவாக்கத் தொடங்க வேண்டும். குடியேற்றம் தாமதமாகும் ஒவ்வொரு நாளும், வெள்ளையணுக்கள் இல்லாத நோயாளி தொற்றுக்கு ஆளாகும் நாளாகும். ஆகவே, ஆய்வகத் தட்டில் கழிந்த அந்த ஓரிரு நாட்களில் குருத்தணுவுக்கு என்ன நேர்ந்தது என்பது ஏட்டுக் கேள்வி அன்று. படுக்கையில் காத்திருக்கும் மனிதரின் உயிரைப் பற்றிய கேள்வி.

பிறவிக் காவல்

உடலின் எதிர்ப்பாற்றலில் இரண்டு அடுக்குகள் உண்டு. ஒரு கிருமியை முதன்முறை சந்தித்துப் பழகி, அதற்கென்றே எதிர்ப்புரதங்களை உருவாக்கி, நினைவில் வைத்துக்கொள்வது ஓர் அடுக்கு. தடுப்பூசிகள் நம்பியிருப்பது இதையே. எந்தப் பயிற்சியும் இன்றி, பிறக்கும்போதே மரபணுக்களில் எழுதப்பட்டு, கிருமிகளின் பொதுவான அடையாளங்களைக் கண்டவுடன் நிமிடங்களிலோ மணிகளிலோ வினையாற்றுவது மற்றோர் அடுக்கு. இதையே பிறவி எதிர்ப்பாற்றல் என்கின்றனர். இந்த இரண்டாவது அடுக்குக்குத் தனிப் படை தேவையில்லை. ஏறக்குறைய ஒவ்வொரு செல்லும் தனக்கான காவலைத் தானே வைத்திருக்கிறது. செல்லின் கரு அறைக்குள் இருக்க வேண்டிய டி.என்.ஏ. வெளியே காணப்பட்டால் அதை அறிந்து எச்சரிக்கை எழுப்பும் சி-காஸ் என்ற உணரி நொதியை, அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத் தென்மேற்கு மருத்துவ மையத்தில் ழிஜியான் சென்னின் குழு 2013இல் கண்டறிந்தது. இவ்வகை உணரிகள் எழுப்பும் எச்சரிக்கையின் இறுதியில் செல் வெளியிடும் முக்கியமான புரதம் இன்டர்ஃபெரான். 1957இல் லண்டனில் அலிக் ஐசக்ஸும் ழான் லிண்டன்மனும் அதை முதலில் விவரித்தனர். அது அண்டைச் செல்களின் மேற்பரப்பில் சென்று பொருந்தி, நூற்றுக்கணக்கான எதிர்ப்பு மரபணுக்களை அங்கே விழிக்கச் செய்கிறது.

இந்தக் காவலை அலட்சியப்படுத்தியதன் விலையை மரபணு மருத்துவம் மிகக் கொடிய முறையில் கற்றது. 1999ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில் பங்கேற்ற 18 வயது இளைஞர் ஜெஸ்ஸி கெல்சிங்கர், கல்லீரலுக்கு மரபணுவைக் கொண்டுசெல்லும் அடினோவைரஸ் கடத்தி செலுத்தப்பட்ட நான்கே நாட்களில் உயிரிழந்தார். நினைவு எதிர்ப்பாற்றல் முழுமையாக உருவாவதற்குத் தேவையான கால அளவுகூட அங்கே கழியவில்லை. கடத்தியின் உறையைக் கண்ட பிறவிக் காவல் உடல் முழுவதும் ஒரே நேரத்தில் பொங்கி எழுந்ததும், அதன் விளைவாக உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்ததுமே காரணம். குருத்தணுச் சிகிச்சையில் கடத்தி உடலுக்குள் நேரடியாகச் செலுத்தப்படாமல், வெளியே எடுக்கப்பட்ட செல்லோடு மட்டும் சந்திப்பதால் அத்தகைய பேரழற்சிக்கு இடமில்லை. ஆயினும் செல்லுக்குள் நடக்கும் சிறிய அளவிலான போராட்டம் அதனால் இல்லாமல் போய்விடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்துக்கு மாறுகிறது, அவ்வளவே.

அந்தப் போராட்டம் குருத்தணுவுக்கு ஏன் ஆபத்தானது என்பதை 2009இல் வெளியான இரண்டு ஆய்வுகள் எலிகளில் காட்டின. வழக்கமாக உறங்கிக் கிடக்கும் இரத்தக் குருத்தணுக்கள், ஆல்ஃபா வகை இன்டர்ஃபெரான் பட்டதும் விழித்துப் பிரியத் தொடங்குகின்றன என்று ஜெர்மனியில் மரீகே எஸ்ஸர்ஸ், ஆண்ட்ரியாஸ் டிரம்ப் ஆகியோரின் குழு கண்டது. அந்தத் தூண்டல் நீடித்தால் குருத்தணுக்கள் தம் புதுப்பிக்கும் ஆற்றலை இழந்து சோர்ந்துபோகின்றன என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டனர். உறக்கமே குருத்தணுவின் சேமிப்பு. அதைக் கலைக்கும் எச்சரிக்கை, செலவுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. இது தற்செயலான குறை அன்று. தொற்று வரும்போது கூடுதல் வெள்ளையணுக்கள் தேவைப்படுவதால் குருத்தணு விழித்தெழ வேண்டும் என்று இயற்கையே வகுத்திருக்கிறது. மருத்துவர் அனுப்பும் கடத்தி அந்த ஏற்பாட்டின் குறுக்கே நுழைகிறது.

உறக்கத்திலும் மூடியிருக்கும் கதவு

ஒவ்வொரு முறையும் இன்டர்ஃபெரான் எழுப்பி எச்சரிக்க வேண்டியிருந்தால், நீண்ட காலம் வாழ வேண்டிய குருத்தணு எப்படித் தப்பிக்கும் என்ற கேள்விக்கு விடை, நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ரைஸின் ஆய்வகத்திலிருந்து 2018இல் வந்தது. கல்லீரல் அழற்சி சி வைரஸ் பற்றிய பணிக்காக இரண்டு ஆண்டுகளுக்குப் பின் நோபல் பரிசு பெற்றவர் அவர். மற்ற செல்கள் இன்டர்ஃபெரானின் ஆணைக்குப் பின்னரே உருவாக்கும் எதிர்ப்புப் புரதங்களில் சிலவற்றைக் குருத்தணுக்கள் எந்த ஆணையும் இல்லாமல், எப்போதும் தயாராக வைத்திருக்கின்றன என்றும், அவை வேறு வகைச் செல்களாக முதிரும்போது அந்தக் கையிருப்பு குறைந்து, இன்டர்ஃபெரானை நம்பும் வழக்கமான முறை இடம்பிடிக்கிறது என்றும் அந்தக் குழு காட்டியது. கருவின் தொடக்க நிலைக் குருத்தணுக்களோ இன்டர்ஃபெரானுக்கு ஏறக்குறைய செவிசாய்ப்பதே இல்லை. பிரிந்து பெருகுவதே அவற்றின் கடமை, பிரிதலை நிறுத்தும் ஆணையை ஏற்றால் கரு வளராது. இரத்தக் குருத்தணுக்கள் இவ்விரு நிலைகளுக்கும் நடுவே நிற்கின்றன: கையிருப்புக் காவலும் உண்டு, இன்டர்ஃபெரானுக்குச் செவியும் உண்டு.

அந்தக் கையிருப்பில் மரபணு மருத்துவத்துக்கு மிகப் பெரிய தடையாக விளங்குவது ஐ.எஃப்.ஐ.டி.எம்.3 என்ற சிறிய புரதம். இன்ஃப்ளூயன்சா, டெங்கு, மேற்கு நைல் ஆகிய வைரஸ்களைச் செல்லுக்குள் நுழையவிடாமல் தடுக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது இது என்பதை 2009இல் ஆபிரகாம் பிராஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளிப்படுத்தினர். அதன் செயல்முறையை விளங்கிக்கொள்ள, வைரஸ் நுழையும் பாதையை முதலில் காண வேண்டும். செல்லின் மேற்பரப்பில் ஒட்டிய வைரஸை, மேற்சவ்வு உள்நோக்கிக் குழிந்து ஒரு குமிழுக்குள் விழுங்குகிறது. குமிழின் உள்ளே அமிலத்தன்மை கூடும்போது வைரஸின் உறைப் புரதம் உருமாறி, குமிழின் சவ்வோடு தன் உறையை இணைத்து, உள்ளிருக்கும் கூட்டைச் செல்லுக்குள் விடுவிக்கிறது. ஐ.எஃப்.ஐ.டி.எம்.3 அந்தக் குமிழின் சவ்விலேயே அமர்ந்து, அதை இணையவிடாதபடி இறுக்கிவிடுவதால், வைரஸ் குமிழுக்குள்ளேயே சிறைப்பட்டுச் சிதைக்கப்படுகிறது.

இன்று பெரும்பாலான குருத்தணுச் சிகிச்சைகளில் பயன்படும் கடத்தி, எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. வைரஸிலிருந்து உருவாக்கப்பட்ட லென்டிவைரஸ் கடத்தி. கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வகத்தில் லூய்ஜி நல்தினியும் குழுவினரும் 1996இல் அதை அறிமுகப்படுத்தியபோது, எச்.ஐ.வி.யின் சொந்த உறை குறிப்பிட்ட சில செல்களுக்குள் மட்டுமே நுழையும் என்பதால், அதை நீக்கிவிட்டு, மாடு குதிரைகளின் வாயில் கொப்புளம் உண்டாக்கும் ஒரு வைரஸின் உறைப் புரதத்தை அணிவித்தனர். பலவகைச் செல்களுக்குள்ளும் நுழைய வல்லது என்ற காரணத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த உறை, மேலே கூறிய அமிலக் குமிழின் வழியேதான் நுழைகிறது. அதாவது, குருத்தணு எந்தப் பாதையில் தன் காவலை வலுவாக நிறுத்தியிருக்கிறதோ அந்தப் பாதையிலேயே மருந்து அனுப்பப்பட்டு வந்தது. குருத்தணுக்களுக்குள் மரபணுவைச் செலுத்த மிக அதிகமான கடத்தி ஏன் தேவைப்படுகிறது என்ற புதிருக்கு, உறங்கும் குருத்தணுவின் மேற்பரப்பில் அந்த உறை பற்றிக்கொள்ளும் ஏற்பி குறைவு என்பதோடு, இதுவும் ஒரு விடை.

மிலானில் உள்ள சான் ராஃபேல் டெலித்தோன் மரபணு மருத்துவ ஆய்வகத்தில் அன்னா கயாஸ்டே ருட்னிட்ஸ்கியின் குழு இந்தக் கதவைத் திறக்கும் வழியை எதிர்பாராத இடத்தில் கண்டது. உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டுவரும் சைக்ளோஸ்போரின் ஏ, ராபமைசின் ஆகிய மருந்துகள் குருத்தணுவின் வெவ்வேறு தடைகளைத் தளர்த்துகின்றன என்று 2015இல் அறிவித்த அவர்கள், 2018இல் சைக்ளோஸ்போரின் எச் என்ற உடன்பிறப்பு மூலக்கூறை முன்வைத்தனர். நோயெதிர்ப்பை அடக்கும் தன்மை இல்லாத இந்த மூலக்கூறு, ஐ.எஃப்.ஐ.டி.எம்.3 புரதத்தைச் சில மணிநேரங்களுக்குச் சிதைவுறச் செய்து, கடத்தி உள்ளே செல்ல வழிவிடுகிறது. மருந்தைக் கழுவி அகற்றியதும் புரதம் மீண்டும் உருவாகிறது. காவலைக் கொல்லாமல், குறித்த நேரத்துக்கு மட்டும் விலகி நிற்கச் செய்யும் இந்த அணுகுமுறையே இத்துறை கண்ட மிக நாகரிகமான தீர்வு என்று துணிந்து கூறலாம். கடத்தியைத் தயாரிப்பதே இச்சிகிச்சையின் செலவில் பெரும் பங்கு என்பதை நினைத்தால், குறைந்த கடத்தியில் அதிகச் செல்களைத் திருத்துவது விலையையும் குறைக்க வல்லது. வளர்சிதை மாற்றக் குறைபாட்டால் மூளை நரம்புகளின் உறை சிதையும் குழந்தைகளுக்கான லென்மெல்டி சிகிச்சை, 2024இல் அமெரிக்காவில் 42.5 லட்சம் டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. இந்த விலையில் அறிவியல் எவ்வளவு சிறந்திருந்தாலும் உலகின் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது இல்லாத மருந்தே.

உள்ளே நுழைந்த பின்

கதவைத் தாண்டிய லென்டிவைரஸ் கடத்திக்கு, தன் மூதாதையான எச்.ஐ.வி.யிடமிருந்து ஒரு பெரும் வரம் கிடைத்திருக்கிறது. ஆர்.என்.ஏ. வடிவில் வரும் மரபுப்பொருள் டி.என்.ஏ.வாக மாற்றி எழுதப்படும் வேலை ஒரு புரதக் கூட்டின் மறைவில் நடைபெறுவதாலும், அந்தக் கூடு செல்லின் சொந்தப் புரதங்கள் சிலவற்றைத் தன்மேல் போர்த்திக்கொள்வதாலும், சி-காஸ் போன்ற உணரிகளின் பார்வையில் அது படுவதில்லை. மிலான் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வு இதை மனிதக் குருத்தணுக்களில் நேரடியாக உறுதிசெய்தது: முந்தைய தலைமுறைக் கடத்தியான காமா ரெட்ரோவைரஸ் செலுத்தப்பட்ட செல்கள் வலுவான இன்டர்ஃபெரான் எதிர்வினையைக் காட்டியபோது, லென்டிவைரஸ் செலுத்தப்பட்ட செல்களின் மரபணுச் செயல்பாட்டில் மிகக் குறைந்த மாற்றமே காணப்பட்டது.

அதே ஆய்வின் இரண்டாவது முடிவுதான் இந்தத் துறையைத் திரும்பிப் பார்க்க வைத்தது. வைரஸ் உணரிகளின் கண்ணில் படாமல் கருவை அடைந்த அந்த டி.என்.ஏ., அங்கே வேறொரு காவலரிடம் சிக்கியது. பி53 என்ற அந்தப் புரதம் வைரஸைத் தேடுவதற்கென்று அமைந்தது அன்று. செல்லின் சொந்த டி.என்.ஏ. உடைந்தால் அதை அறிந்து, பழுது சரியாகும்வரை செல் பிரிதலை நிறுத்துவதும், பழுது மிகுந்தால் செல்லைத் தன்னையே அழித்துக்கொள்ளச் செய்வதும் அதன் வேலை. புதிதாக எழுதப்பட்ட கடத்தியின் டி.என்.ஏ. இரு முனைகளும் திறந்த நேர்கோட்டு இழையாக இருப்பதால், உடைந்த குரோமோசோமின் துண்டு போலச் செல்லுக்குத் தோன்றுகிறது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். செல்லின் டி.என்.ஏ.வோடு இணையும் வழக்கம் இல்லாத ஏ.ஏ.வி. என்ற வேறு வகைக் கடத்தியும் இதே வினையைத் தூண்டியதால், இணையும்போது ஏற்படும் வெட்டு மட்டுமே காரணம் என்று சொல்வதற்கில்லை. விளைவாகச் சில செல்கள் மடிந்தன, சில பிரியத் தாமதித்தன. எதிர்ப்பாற்றல் நீக்கப்பட்ட எலிகளில் செலுத்தியபோது குடியேறியவற்றின் அளவும் குறைந்தது. இழப்பு பெரும்பாலும் குறுகிய கால இரத்த உற்பத்திக்குரிய செல்களில் நேர்ந்ததே தவிர, நீண்ட கால உற்பத்திக்குரிய உண்மைக் குருத்தணுக்களின் விகிதம் பாதிக்கப்படவில்லை என்ற ஆறுதலும் அந்த ஆய்விலேயே இருக்கிறது. ஆனால் மஜ்ஜை வெறுமையாக்கப்பட்ட நோயாளியை முதல் சில வாரங்கள் காப்பவை அந்தக் குறுகிய காலச் செல்களே என்பதால், அந்த ஆறுதலை முழுமையானதாகக் கொள்ள முடியாது.

மரபணுத் திருத்தத்தில், அதாவது புதிய பிரதியைச் சேர்ப்பதற்கு மாறாக டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டிப் பிழையை மாற்றி எழுதும் முறையில், இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. அங்கே கிறிஸ்பர் கருவி உண்மையாகவே டி.என்.ஏ.வை வெட்டுகிறது, மாற்றி எழுதுவதற்கான மாதிரி இழையை ஏ.ஏ.வி. கடத்தி கொண்டுவருகிறது, இரண்டும் ஒரே நேரத்தில் பி53ஐத் தூண்டுவதால் அவற்றின் விளைவுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. மிலான் ஆய்வகத்தில் நல்தினியின் குழு 2019இல் இதை நிறுவியதோடு, பி53இன் செயலைத் தற்காலிகமாகத் தடுக்கும் ஒரு புரதத்தை அதே வேளையில் செல்லுக்குள் செலுத்தினால் குடியேறும் திருத்தப்பட்ட செல்களின் எண்ணிக்கை கூடுகிறது என்றும் காட்டியது. அதே நிறுவனத்தில் ரஃபாயெல்லா தி மிக்கோவின் குழு பின்னர் இன்னொரு படி சென்றது: இவ்வாறு திருத்தப்பட்ட குருத்தணுக்களில் ஒரு பகுதி மடியாமல், முதுமைநிலை எனப்படும் பிரியாத நிலையில் தங்கி, அழற்சிச் செய்திகளை வெளியிட்டுக்கொண்டிருக்கின்றன என்று அது கண்டது. முடக்குவாதத்துக்குப் பயன்படும் அனாகின்ரா என்ற மருந்தைக் கொண்டு அந்த அழற்சிச் செய்தியைத் தடுத்தபோது நிலைமை மேம்பட்டது.

இந்த இடத்தில் நின்று நிதானிக்க வேண்டியிருக்கிறது. ஐ.எஃப்.ஐ.டி.எம்.3ஐச் சில மணிநேரம் விலக்குவதும் பி53ஐச் சில மணிநேரம் அடக்குவதும் ஒரே தன்மையுடைய செயல்கள் போலத் தோன்றலாம். அவை அப்படி இல்லை. வைரஸே இல்லாத சுத்தமான ஆய்வகத் தட்டில் வைரஸ் காவலை விலக்குவதால் நேரக்கூடிய தீங்கு குறைவு. பி53 புரதமோ, மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் செயலிழந்து காணப்படும் காவலர், டி.என்.ஏ. வெட்டப்படும் அதே வேளையில் அதை அடக்குவது, பழுதோடு தப்பிப் பிழைக்கக் கூடாத செல்லையும் பிழைக்கவிடுவதாகும். தப்பிய செல் குருத்தணுவாக இருந்தால், அதன் பிழை அந்த மனிதர் வாழும் காலம் முழுவதும் பெருகும். ஆய்வாளர்கள் தம் சோதனைகளில் அத்தகைய பிழைகள் பெருகக் காணவில்லை என்று கூறுவதை ஐயுற வேண்டியதில்லை. எனினும் எலிகளில் சில மாதங்கள் பார்த்த பாதுகாப்பு, மனிதரில் ஐம்பது ஆண்டுகளுக்கான உறுதிமொழியாகாது. அடக்குவதைக் காட்டிலும், அந்தக் காவலரை எழுப்பாத வகையில் கடத்தியின் அளவைக் குறைப்பதும், செல் தட்டில் கழிக்கும் நேரத்தைச் சுருக்குவதும், அதன்பின் எழும் அழற்சியைத் தணிப்பதுமே முதலில் நாட வேண்டிய வழிகள்.

இந்த எச்சரிக்கைக்கு அடிப்படை கற்பனை அன்று. பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் 1999இல் அலன் ஃபிஷர், மரீனா கவாசானா ஆகியோர் தொடங்கிய சிகிச்சை, எதிர்ப்பாற்றல் இன்றிப் பிறந்த குழந்தைகளுக்கு வாழ்வளித்த முதல் பெரும் வெற்றி. ஆனால் காமா ரெட்ரோவைரஸ் கடத்தி வளர்ச்சியைத் தூண்டும் ஒரு மரபணுவின் அருகே இணைந்துவிட்டதால், பாரிஸிலும் லண்டனிலும் சிகிச்சை பெற்ற 20 குழந்தைகளில் ஐவருக்குச் சில ஆண்டுகளில் இரத்தப் புற்றுநோய் வந்தது, ஒருவர் உயிரிழந்தார். லென்டிவைரஸ் கடத்தியின் இணையும் இயல்பு அதைவிடப் பாதுகாப்பானது என்றாலும், மூளை நரம்பு நோய் ஒன்றுக்கான ஸ்கைசோனா சிகிச்சையில் 67 சிறுவர்களுள் எழுவருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டதாக 2024இல் அறிக்கை வெளியானது; அந்தக் கடத்தியில் வைக்கப்பட்ட மிக வலிமையான தூண்டுபகுதியின் மீதே முதல் ஐயம் விழுகிறது.

வேலூரின் ஐவர்

தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வு இந்தக் கேள்விகள் அனைத்தையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அலோக் ஸ்ரீவாஸ்தவா தலைமையிலான குழு, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு இணைந்து, இரத்தம் உறைவதற்குத் தேவையான எட்டாம் காரணி இல்லாமல் பிறக்கும் கடுமையான ஹீமோஃபிலியா ஏ நோயாளிகளின் குருத்தணுக்களில் லென்டிவைரஸ் கடத்தியின் மூலம் அந்தக் காரணிக்குரிய மரபணுவைச் செலுத்தியது. 22 முதல் 41 வயது வரையிலான ஐவரைப் பற்றிய அறிக்கை 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. செலுத்தப்பட்ட மரபணு குருத்தணுவிலேயே செயல்படாமல், அதிலிருந்து தோன்றும் மோனோசைட் வகை வெள்ளையணுக்களில் செயல்படும்படி கடத்தி அமைக்கப்பட்டிருந்தது, குருத்தணுவின் இயல்பைக் குலைக்காமல் காக்கும் அக்கறையின் அடையாளம்.

முதல் இருவரின் செல்கள் கடத்தியோடு மட்டும் கலக்கப்பட்டன. அடுத்த மூவரின் செல்களுக்குக் கடத்தி உள்ளே செல்வதை எளிதாக்கும் துணைப்பொருள் ஒன்றும் சேர்க்கப்பட்டது. முதல் இருவரில் ஒரு செல்லுக்குச் சராசரியாக 1.0, 0.6 பிரதிகளே பதிந்தன. அவர்களுடைய இரத்தத்தில் எட்டாம் காரணியின் செயல்பாடு டெசிலிட்டருக்கு முறையே 5.2, 1.7 அலகுகளாக இருந்தது. துணைப்பொருள் பெற்ற மூவரிலோ 4.4, 3.2, 4.8 பிரதிகள் பதிந்து, காரணியின் அளவு 37.1, 19.3, 39.9 அலகுகளாக உயர்ந்தது. இருவர், மூவர் என்ற சிறு தொகையிலிருந்து பொதுவிதி வகுப்பது தவறாகும். ஆயினும் குருத்தணுவின் வாசலில் நிகழும் சிறு மாற்றம், முழங்கால் மூட்டில் இரத்தம் கசிந்து வாழ்நாள் முழுதும் துன்புறும் ஒரு மனிதரின் அன்றாட வாழ்வில் எவ்வளவு பெரிய வேறுபாடாக முடியக்கூடும் என்பதை இந்த எண்கள் தெளிவாகச் சொல்கின்றன.

பிரதிகள் கூடுவதற்கு ஏற்ப, அவற்றைப் பெறும்போது செல் சந்திக்கும் டி.என்.ஏ. எச்சரிக்கையும் கூடும் என்ற மிலானின் பாடத்தை இதனோடு சேர்த்தே படிக்க வேண்டும். இன்றைய ஆய்வறிக்கைகள் பதிந்த பிரதிகளின் எண்ணிக்கையையும் உருவான புரதத்தின் அளவையும் தவறாமல் தருகின்றன. தட்டில் இருந்த நாட்களில் எத்தனை குருத்தணுக்கள் மடிந்தன, பி53இன் வினை எவ்வளவு எழுந்தது, இன்டர்ஃபெரான் மரபணுக்கள் விழித்தனவா என்ற விவரங்களைப் பெரும்பாலும் தருவதில்லை. இந்தியாவில் இச்சிகிச்சை வளரத் தொடங்கியிருக்கும் இந்தக் கட்டத்திலேயே, ஆய்வுகளுக்கு அனுமதி வழங்கும் அமைப்புகள் அந்த அளவீடுகளையும் கட்டாயமாகக் கேட்டுப் பெற வேண்டும். பின்னாளில் ஒரு நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தால், காரணத்தைத் தேடத் தொடங்க வேண்டிய இடம் அந்த அளவீடுகளே. செல்லின் டி.என்.ஏ.வில் இணையும் கடத்தியைப் பெற்றவர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்பது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அறிவுரை. வேலூர் அறிக்கையில் ஐவரின் கண்காணிப்புக் காலமும் சேர்ந்து 81 மாதங்கள். சிகிச்சைக்குப் பிந்தைய அந்த 81 மாதங்களில் ஐவரில் ஒருவருக்கும் நோயின் இரத்தக்கசிவு ஒருமுறைகூட ஏற்படவில்லை.